புது ஆல்பத்தை யார் சொல்லிக் கேட்பது? பழைய வண்ணாரப்பேட்டை மாடி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். புதிதாக வந்த ஓர் இண்டி அல்லது பரிசோதனை ராக் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேட்கிறோம். பிறகு அதைப் பற்றி வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியவற்றில் இரண்டு மூன்றைத் தமிழில் சொல்லி, அவர்களுக்குக் கேட்டது நமக்கும் கேட்டதா என்று பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. அறையில் இருக்கிற எல்லோரும் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை.

இண்டி, பரிசோதனை ராக் என்கிறீர்களே, அவை என்ன?

பெரிய இசை நிறுவனங்களின் பணத்தைச் சாராமல், சிறிய நிறுவனம் வழியாகவோ சொந்தமாகவோ வெளியிடுவதற்கு இண்டி என்று பெயர். பிரிட்டனில் இப்படிப்பட்ட வெளியீடுகளுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் 1980இல் தொடங்கியது. காலப்போக்கில் அந்தச் சொல் ஒரு வகை ஓசைக்கும் பெயராகிவிட்டது. அதனால் இன்று பெரிய நிறுவனத்தில் இருக்கும் குழுவைக்கூட இண்டி என்று எழுதுகிறார்கள்.

பரிசோதனை ராக்கிலும் அதே கிட்டார், அதே பாஸ், அதே டிரம்ஸ்தான். ஆனால் பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும் காதுக்கு அங்கே வேறு வேலை தரப்படும். பாட்டு இரண்டு மணி நேரம் நீளலாம், நடுவில் உடையலாம், சுருதி சேராத ஓசை ஒன்று வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்படலாம். எல்லை எங்கே என்று நான் சண்டை போடுவதில்லை.

எனக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. வரலாமா?

வாருங்கள். இந்த வகை ஆல்பங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே வரிகள் புரிவதில்லை. குரலும் அங்கே ஒரு கருவிதான்.

ஒரு ஞாயிறு, காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா தன் மகனை அழைத்துப்போக மாடிக்கு வந்தார். நாங்கள் அப்போது ஸ்வான்ஸ் குழுவின் 2012 ஆல்பமான 'தி சீயர்' கேட்டுக்கொண்டிருந்தோம். அதன் தலைப்புப் பாடல் 32 நிமிடம் ஓடும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போவார்கள். அவர் கதவோரத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து, "இவர்கள் சாமி வரட்டும் என்று அடிக்கிறார்கள். இன்னும் இறங்கவில்லை" என்றார். அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதிய மேற்கத்திய விமர்சகர்கள் பலரும் சடங்கு, தன்னிலை மறத்தல் என்ற சொற்களைத்தான் நாடினார்கள். அவர்கள் பத்திகளில் சொன்னதை அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னார். சாமி இன்னும் இறங்கவில்லை என்றாரே, அது எந்த விமர்சனத்திலும் நான் படிக்காதது. அந்தப் பாட்டின் முழு இயக்கமும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

விமர்சனத்தை முதலில் படிக்க வேண்டுமா, கேட்ட பிறகா?

கேட்ட பிறகு. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம் என் சொந்த இழப்பு.

கல்லூரி நாட்களில் மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரிட்டிஷ் இசை இதழ் கிடைத்தது. அதில் ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதை நம்பினேன். பர்மா பஜாரில் அந்த சிடி என் கைக்கே வந்தது, திருப்பி வைத்துவிட்டேன். நான்கு வருடம் கழித்து, ஒரு நண்பன் வீட்டில், மின்சாரம் போய்த் திரும்பி வந்த இரவில், முதல் பாடலின் அந்த கீபோர்டு ஒலியைக் கேட்டேன். கடலோரத்தில் விடியற்காலை பனியில் ஒரு விளக்கு நகர்ந்து வருவதைப் போல இருந்தது. அந்த நான்கு வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. இருபது வயதில் கேட்டிருக்க வேண்டிய ஓசையை இருபத்து நான்கில் கேட்டேன்.

அதனால் அறையில் ஒழுங்கு இது: முதல் முறை வெறும் காது. அட்டைப்படத்தைக்கூடப் பிறகுதான் காட்டுகிறோம்.

பிட்ச்ஃபோர்க்கின் 8.3, மெட்டாகிரிட்டிக்கின் 81 என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்த எண்கள் எப்படி வருகின்றன?

பிட்ச்ஃபோர்க் 1996இல் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் தொடங்கிய இசை இதழ். 0.0 முதல் 10.0 வரை, தசமப் புள்ளியோடு மதிப்பெண் தருவது அதன் அடையாளம். 2015இல் கோண்டே நாஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2024 ஜனவரியில் ஜிக்யூ என்ற ஆண்கள் இதழின் கீழ் அதைக் கொண்டுவந்து, பலரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். இருபது வருடம் இண்டி ராக்கின் தலையெழுத்தை எழுதிய இடம் அது. அதன் தீர்ப்புகளோடு எனக்கு எவ்வளவோ சண்டை உண்டு. ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று வருத்தப்பட்டேன்.

மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் 2001இல் வந்தது. அது சொந்தமாக எதையும் கேட்பதில்லை. பல இதழ்களின் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, சராசரி போடுகிறது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை. மதிப்பெண்ணே தராத விமர்சனத்துக்கும் அங்கே உள்ளவர்கள் படித்துப் பார்த்து ஓர் எண் போடுகிறார்கள்.

சராசரி எண் பரிசோதனை ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயத்தைக் கவனியுங்கள். ஐந்து பேர் 100 கொடுத்து, ஐந்து பேர் 40 கொடுத்தால் 70. பத்துப் பேரும் அசட்டையாக 70 கொடுத்தாலும் 70. முதல் ஆல்பம் பத்துப் பேரையும் உலுக்கியிருக்கிறது. இரண்டாவது யாரையும் தொடவில்லை. எண் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. நான் 70க்குக் கீழே உள்ளவற்றையும் தேடிப் பார்ப்பது இதனால்தான்: கீழே உள்ள தனித்தனி மதிப்பெண்கள் இரண்டு துருவமாகப் பிரிந்திருந்தால், அந்த ஆல்பத்தை உடனே அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிடுவேன்.

விமர்சகர்கள் பெரிய தவறு செய்திருக்கிறார்களா?

நிறைய. ஆனால் ஏன் தவறினார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படும்.

'கிட் ஏ' 2000 அக்டோபரில் வந்தது. முன்கூட்டிப் பிரதிகளைப் பரவலாகக் கொடுக்காமல், கட்டுப்பாடான சூழலில் விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆல்பத்திலிருந்து எந்தப் பாடலையும் தனியாக வெளியிடவில்லை. கிட்டார் குழு என்று பெயரெடுத்தவர்கள் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு, மின்னணு ஓசையோடு வந்திருந்தார்கள். மெலடி மேக்கர் இதழ் ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் அதே ஆல்பத்துக்கு 10.0 கொடுத்தது. ஒன்பது வருடம் கழித்து, 2000களின் சிறந்த ஆல்பம் என்று பிட்ச்ஃபோர்க், ரோலிங் ஸ்டோன் இதழ்கள் இரண்டுமே அதைத்தான் முதலிடத்தில் வைத்தன. மெலடி மேக்கர் அந்த 2000 டிசம்பரோடு நின்றுபோனது. முந்தைய ஆல்பத்தை எதிர்பார்த்துக்கொண்டே இந்த ஆல்பத்தைக் கேட்டதுதான் அந்த ஒன்றரைக்குப் பின்னால் இருந்த பிழை என்பது என் கணிப்பு. நாமும் தினமும் செய்யும் பிழை இது. பக்கத்து வீட்டுப் பையன் அவன் அண்ணனைப் போல இல்லையே என்று சொல்வது போலத்தான்.

'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' ஆல்பம் 1967 மார்ச்சில் வந்தபோது அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 171ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பெரிய கவனமும் கிடைக்கவில்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன் தன் 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அதை 13ஆம் இடத்தில் வைத்தது. இடையில் முப்பத்தாறு வருடம்.

நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' 1998இல் பிட்ச்ஃபோர்க்கில் 8.7 வாங்கியது. 2005 மறுவெளியீட்டில் அதே இதழ் 10.0 கொடுத்தது. 2021இல் இன்னும் வெளிப்படையாக, தங்கள் பழைய மதிப்பெண்கள் பத்தொன்பதை மாற்றி எழுதினார்கள். லிஸ் ஃபேரின் 2003 ஆல்பம் 0.0 இலிருந்து 6.0 ஆனது. சிலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு விமர்சகர் தன் பழைய காதை ஊரறியத் திருத்துவது நல்ல செயல்.

சரியாகக் கண்டுபிடித்த விமர்சகர் ஒருவரைச் சொல்லுங்கள்.

ஸ்டீவ் ஆல்பினி. 1991இல் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஊரைச் சேர்ந்த ஸ்லின்ட் என்ற குழு 'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. வெளிவரும் முன்பே குழு கலைந்துவிட்டது. யாரும் பெரிதாக வாங்கவில்லை. ஆல்பினி மெலடி மேக்கரில் அதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்து, வரும் காலத்தில் இது ஒரு மைல்கல்லாக இருக்கும் என்று எழுதினார். அப்படியே நடந்தது. பாதி முணுமுணுப்பு, பாதி வெடிப்பு என்ற அந்த அமைப்பிலிருந்துதான் பின்னாளில் போஸ்ட் ராக் என்ற கிளையின் பெரும்பகுதி வளர்ந்தது.

ஆல்பினி இசைப்பதிவுப் பொறியாளர், தானே குழு நடத்தியவர். மைக் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அறை எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி ஞானம்தான் அவர் தீர்ப்பை நிற்கவைத்தது. நம் அறைக்கு மேளம் அடிக்கிறவர்களையும், ஒலிபெருக்கி கட்டும் தொழிலில் இருப்பவர்களையும் நான் தேடித் தேடி அழைப்பதற்கு இதுவே காரணம்.

மோசமான விமர்சனம் ஒரு கலைஞரை முடித்துவிடுமா?

பெரிய கலைஞரை முடிக்காது. சிறிய கலைஞரை முடிக்கும். டிராவிஸ் மாரிசன் டிஸ்மெம்பர்மென்ட் பிளான் என்ற குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் 1999 ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 9.6 கொடுத்தது. 2004இல் அவர் தனியாக வெளியிட்ட 'டிராவிஸ்டான்' ஆல்பத்துக்கு அதே இதழ் 0.0 கொடுத்தது. நான் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன். சமச்சீரற்றது, சில இடங்களில் சலிப்பானது. பூஜ்யம் அல்ல. ஒரு மனிதர் உழைத்ததில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல, அதில் ஒன்றுமே இல்லை என்பதை வரிக்கு வரி காட்ட வேண்டும்.

எங்கள் அறையில் பிடிக்கவில்லை என்று சொல்லத் தடையில்லை. எந்தப் பாட்டில், எந்த நிமிடத்தில், எது பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகமே பாராட்டும் ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை. என் காதில் குறையா?

இல்லை. ஆனால் மூன்று முறை கேட்டீர்களா?

முதல் நாளிலேயே எல்லா இதழ்களிலும் பாராட்டு ஒன்றாக வருவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஆல்பத்தை விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பி, இந்தத் தேதிக்கு முன் எழுதக் கூடாது என்று நிபந்தனை வைக்கிறார்கள். அதனால் எல்லாம் ஒரே காலையில் வெளிவருகின்றன. சில சமயம் ஒருவருக்கு அதோடு வாழக் கிடைத்தது மூன்று நான்கு நாட்கள்தான். பரிசோதனை ஆல்பம் நான்கு நாளில் பாதி கதவைத்தான் திறக்கும். ஆகவே முதல் வாரப் பாராட்டையும் முதல் வார வசையையும் நான் ஒரே அளவில்தான் நம்புகிறேன். ஆறு மாதம் கழித்து எழுதப்படுவது பெரும்பாலும் நேர்மையாக இருக்கிறது.

அண்மை வருடங்களில் விமர்சனமும் ஆல்பமும் உரசிக்கொண்ட நல்ல உதாரணங்கள்?

மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் என்ற லண்டன் குழுவின் 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்'. ஆல்பம் 2022 பிப்ரவரி 4 அன்று வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஜனவரி 31 அன்று, பாடகர் ஐசக் வுட் தன் மனநிலையைக் காரணம் சொல்லிக் குழுவை விட்டு விலகினார். விமர்சனங்கள் பல அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். படித்தவர்களோ விலகல் செய்தியோடு சேர்த்தே படித்தார்கள். பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. மீதிப் பேர் அந்தப் பாடல்களை மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்து, புதிதாகப் பாடல் எழுதிக்கொண்டு சுற்றுப்பயணம் போனார்கள். நாங்கள் இந்த ஆல்பத்தை இரண்டு முறை கேட்டோம். முதல் முறை யாருக்கும் அந்தக் கதையைச் சொல்லவில்லை. இரண்டாம் முறை சொல்லிவிட்டுக் கேட்டோம். கடைசிப் பாடலில் இரண்டு பேர் அழுதார்கள். முதல் முறை அதே பாடலில் அழுதவர் ஒருவர். வாழ்க்கைக் கதை இசைக்குள் எவ்வளவு புகுந்து நம் தீர்ப்பை மாற்றுகிறது என்பதை அந்த மாலையில் கண்ணால் பார்த்தோம்.

இரண்டாவது, சின்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி'. 2024 மார்ச்சில் வந்தது. கனடாவின் பேட்ரிக் ஃப்ளெகல் என்ற கலைஞரின் வேலை. 32 பாடல்கள், இரண்டு மணி நேரம். முதலில் ஸ்பாட்டிஃபையில் கிடையாது. யூடியூபில் ஒரே நீளமாகவும், பழங்கால வடிவில் கட்டிய ஓர் எளிய இணையப் பக்கத்தில் தரவிறக்கமாகவும் மட்டுமே கிடைத்தது. பிட்ச்ஃபோர்க் 9.1 கொடுத்தது. விளம்பரம் இல்லாமல், விமர்சனமும் வாய்ப்பேச்சும் மட்டுமே ஓர் ஆல்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோக முடியும் என்பதை இந்தத் தலைமுறைக்குக் காட்டியது அதுதான். கேட்டால், யாரோ பக்கத்துத் தெருவில் பழைய மர வானொலி வைத்திருப்பது போலவும், காற்று திசை மாறும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்குவது போலவும் இருக்கும்.

மூன்றாவது, நியூயார்க்கின் கீஸ் குழு 2025 செப்டம்பரில் வெளியிட்ட 'கெட்டிங் கில்ட்'. பாராட்டு மழை. எனக்கு அந்தக் குரல் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. இரண்டாம் முறையில் இருக்கிறேன்.

கானா பிறந்த மண்ணில் வெள்ளைக்காரர்களின் ராக் எதற்கு?

அடிக்கடி கேட்கப்படுவது இதுதான். சிலர் அக்கறையாகவும் கேட்கிறார்கள், சிலர் கோபமாகவும் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

முதலில், மேற்கத்திய இசை இங்கே புதிதாக வந்து இறங்கியது அல்ல. பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரயில்வே வேலையோடு கிட்டாரையும் பியானோவையும் வீட்டில் வைத்திருந்தன. தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடிப் பழகிய பிள்ளைகள் இந்தத் தெருக்களில் வளர்ந்தார்கள். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. அந்தத் தண்டவாளத்தோடு சரக்கும் மனிதர்களும் மட்டுமா வந்தார்கள்?

அடுத்து, இது எனக்கு மிகவும் முக்கியம்: பரிசோதனை ராக் கேட்பதற்கு இந்தப் பகுதிக் காதைவிடத் தயாரான காது எனக்குத் தெரியவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கூம்பு ஒலிபெருக்கியைத் தாங்கும் சக்திக்கு மேல் திருகிவிடுவார்கள். குரல் கிழிந்து, உலோகம் அதிர்ந்து, பாட்டோடு ஓர் உறுமல் சேர்ந்து வரும். மேற்கில் கிட்டார்க்காரர்கள் அதே கிழிசலைப் பெட்டி வைத்து வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். நாம் அதைக் குழந்தையிலிருந்தே பண்டிகையின் ஓசையாகக் கேட்டிருக்கிறோம். பம்பையும் உடுக்கையும் ஒரே நடையை வேகமேற்றிக்கொண்டே போய் அருள் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு 32 நிமிடப் பாட்டு நீளமாகத் தோன்றாது. மரண கானாவில், சாவு வீட்டு வாசலில் விடிய விடிய, தாளமில்லாமல் குரல் நீண்டு இழுத்து, பிறகு டோலக்கும் சட்டி மேளமும் திடீரென்று விழும். 'ஸ்பைடர்லேண்ட்' அமைதியிலிருந்து வெடிப்புக்குப் போகும் இடத்தை முதன்முதலில் கேட்டபோது, புளியந்தோப்பில் என் மாமா இறந்த இரவில் பாடிய கானாக்காரரின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவின் கிங் கிசர்ட் அண்ட் தி லிசர்ட் விசர்ட் குழு 2017இல் ஒரே வருடத்தில் ஐந்து ஆல்பம் வெளியிட்டது. அவற்றில் முதலாவதான 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா'வுக்காக, வழக்கமான சுரங்களுக்கு இடையிலும் ஒலிக்கும்படி கிட்டாரில் கூடுதல் கட்டைகள் பொருத்தினார்கள். துருக்கியின் பாக்லாமா கருவியிலிருந்து வந்த யோசனை அது. மேற்கத்திய விமர்சனங்கள் அந்த நுண்சுரங்களை விசித்திரம், கிறக்கம் என்று வியந்தன. நம் அறையில் யாரும் வியக்கவில்லை. கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு சுரத்துக்கு நடுவில் இடம் இருப்பது செய்தியே அல்ல. அதனால் நாங்கள் நேராக அடுத்த கேள்விக்குப் போனோம்: அந்த நுண்சுரத்தை வைத்து அவர்கள் பாட்டில் என்ன செய்தார்கள்? அந்த மாலை நடந்த பேச்சு, நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட ஆழமாகப் போனது.

அப்படியானால் தமிழ்ச் சுயாதீன இசைக்கு ஏன் இப்படி விமர்சனம் இல்லை?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கினார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. அயோத்திதாசர் சொன்ன 'சாதி இல்லாத தமிழர்' என்பதிலிருந்து பெயர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். இது செய்தியானது, பேட்டிகள் வந்தன, அரசியல் கட்டுரைகள் வந்தன. எல்லாம் வரவேண்டியவையே. ஆனால் சட்டியின் கூர்மையான அடியும் டிரம்ஸின் பரந்த அடியும் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படிக் கலக்கப்பட்டன, மின் கிட்டார் கானாக் குரலுக்குக் கீழே தாங்குகிறதா அல்லது அதை நெருக்குகிறதா என்று எழுதிய ஒரு தமிழ்க் கட்டுரை என் கண்ணில் படவில்லை. ஒரு கலைஞரின் கருத்தை மட்டும் பேசி, அவர் செய்த ஓசையைப் பேசாமல் விட்டால், அவரைப் பாதி மதித்ததாகத்தான் ஆகும். வடசென்னைக் கலைஞர்களுக்கு இது தொடர்ந்து நடக்கிறது. அவர்கள் வாழ்க்கையைக் கேட்கிறார்கள், அவர்கள் தாளத்தைக் கேட்பதில்லை.

2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வந்தபோதும், சாம்பல் படிந்த அந்த நிலத்தைப் பற்றி நிறையப் பேசினோம். அது நல்லது. கர்நாடக இசையின் இலக்கணத்துக்குள் இந்த ஊர்ப் பேச்சுத் தமிழ் வந்து உட்கார்ந்தபோது இரண்டும் எப்படி மாறின என்பதைப் பேச இன்னும் இடம் பாக்கியிருக்கிறது.

தமிழில் இசை விமர்சனம் எழுதச் சொற்கள் இருக்கின்றனவா?

தேவைக்கு மேல் இருக்கின்றன. ரேடியோஹெட்டின் 2007 ஆல்பமான 'இன் ரெயின்போஸ்' ஐந்தடித் தாளத்தில் தொடங்குகிறது. ஆங்கில விமர்சகர் அதை ஒற்றைப்படைத் தாளம் என்று விளக்க ஒரு வரி செலவழிக்கிறார். நாம் கண்டம் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். ஏழு வந்தால் மிஸ்ரம். கிட்டாரின் கிழிசலுக்கு உறுமல், கரகரப்பு, இரைச்சல், சீறல் என்று நான்கு சொல் உண்டு, நான்கும் வெவ்வேறு ஓசை. பாஸ் கிட்டார் தரையில் ஊர்கிறதா, நெஞ்சில் இடிக்கிறதா என்று சொல்லலாம். ஆல்பம், பாஸ், டிரம்ஸ், மைக் போன்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தனித்தமிழ் தேடி நேரம் போக்க வேண்டாம்.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் பத்தியில் ஓசை வரட்டும். கலைஞர் எந்த ஊர், எத்தனையாவது ஆல்பம் என்பதெல்லாம் இரண்டாம் பத்திக்குத் தள்ளலாம். இன்ன குழுவைப் போல இருக்கிறது என்று எழுதுவதைக் குறையுங்கள். படிப்பவருக்கு அந்த இன்னொரு குழுவும் தெரியாவிட்டால் வாக்கியம் காலி. அமெரிக்காவின் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் சிறு சிறு பத்திகளில் ஆல்பங்களுக்கு எழுத்துத் தரம் போட்டு வந்தவர். அவர் தரங்களோடு எனக்கு ஒத்துப்போவது குறைவு. ஆனால் நூறு சொல்லுக்குள் ஓர் ஆல்பத்தின் குணத்தைப் பிடிக்கும் அந்தப் பழக்கத்தை எல்லோரும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

நண்பரின் இசைக்குழு ஆல்பம் போட்டிருக்கிறது. உண்மையை எழுதலாமா?

நான் ஒருமுறை எழுதவில்லை. கொருக்குப்பேட்டையில் ஒன்றாகப் படித்த நண்பரின் குழு. குரல் பதிவு மோசமாக இருந்தது, எனக்குத் தெரிந்தும் அருமை என்று எழுதினேன். இரண்டாவது ஆல்பத்திலும் அதே குறை. அவர் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு அப்போதே கேட்டதுதானே, ஏன் சொல்லவில்லை?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது முதலில் அவரிடம் நேரில் சொல்கிறேன், பிறகு எழுதுகிறேன், நண்பர் என்பதையும் அதிலேயே குறிப்பிடுகிறேன்.

எதில் கேட்பது நல்லது?

இருப்பதில் கேளுங்கள். தெருவில் கன்டெய்னர் லாரி போகும் வீட்டில் இருப்பவர்கள் காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்கினால் மெல்லிய பகுதிகள் கிடைக்கும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம், பாஸ் முழுதும் போய்விடும்.

கலைஞருக்குப் பணம் போய்ச் சேரும்படி எப்படி வாங்குவது?

பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனை இணையதளம் 2008 முதல் இயங்குகிறது. கலைஞர் விலை வைக்கலாம், நாம் கூடுதலாகவும் தரலாம். 2020 மார்ச் 20 அன்று, நோய்த்தொற்றில் மேடைகள் மூடியபோது, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அதையும் கலைஞர்களுக்கே அனுப்பும் வெள்ளிக்கிழமையைத் தொடங்கினார்கள். பிறகும் பல வெள்ளிகள் அப்படி நடந்தன. நிறுவனம் 2022இல் எபிக் கேம்ஸிடமும் 2023இல் சாங்டிரேடரிடமும் கைமாறியது. அப்போது ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் கடைசி வரியில் எங்கே வாங்கலாம் என்று சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி ஐந்து பேரை வாங்க வைத்தாலும் சிறிய குழுவுக்கு அது ஒரு நாள் ஒத்திகை அறை வாடகை.

இதுவரை எதுவும் கேட்டதில்லை. எதில் தொடங்கட்டும்?

'ஸ்பைடர்லேண்ட்'. ஆறு பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. இரவு, விளக்கை அணைத்து, நடுவில் எழுந்திருக்காமல் கேளுங்கள். கடைசிப் பாடலில் பாடகர் கத்தத் தொடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் டிரம்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.